கீபோர்டுக்குக் கிரீஸ் தடவியவள்

எங்கள் வீட்டில் கிரீஸ் பாட்டில் குசினியில் இருக்கும். உப்பு ஜாடிக்கும் கடுகு டப்பாவுக்கும் நடுவில், ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். கடலுக்கு மூன்று தெரு தள்ளிக் குடியிருந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். கேட்டுக் கீல், ஜன்னல் கொக்கி, தையல் மிஷின், கத்தரிக்கோல், பூட்டு என்று இரும்பாக எது கண்ணில் பட்டாலும் ஒரு விரல் தொட்டுத் தடவிவிடுவோம். தடவாவிட்டால் உப்புக்காற்று அதைத் தின்றுவிடும். என் கணவர் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்ப்பவர். மற்ற கப்பல்காரர்களின் பெண்டாட்டிகளுக்கு சென்ட் பாட்டில் வரும், எனக்குக் கிரீஸ் வரும். நான் குறைப்பட்டதில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த முட்டாள்தனத்துக்கு அந்தப் பாட்டில்தான் காரணம்.

எங்கள் ஊர் மாதா கோயில் பாடகர் குழுவில் முப்பது வருடமாகப் பாடுகிறேன். பதின்மூன்று வயதில் அங்கிருந்த ஆர்மோனியத்தை ஒரே ஒரு தடவை வாசித்துப் பார்க்கிறேன் என்று கேட்டேன். அப்போது அதை வாசித்து, குழுவுக்கும் பொறுப்பாக இருந்தவர், "பொம்பளப் பிள்ளைக்குப் பாட்டு போதும்லா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னதால் இன்றுவரை மறக்கவில்லை.

போன வருடம் எங்கள் கீபோர்டுக்காரர் துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மூன்று மாதம் வாத்தியம் இல்லாமலே பாடினோம். இப்போது குழுவுக்குப் பொறுப்பாக இருப்பவர் விசைப்படகு இன்ஜின் ரிப்பேர் செய்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணாச்சி. ஒருநாள் பயிற்சி முடிந்ததும், "ஆராவது வாசிப்பியளா?" என்று பொதுவாகக் கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

"ஒனக்குத்தான் தெரியாதே?"

"படிச்சுக்கிடுதேன், அண்ணாச்சி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆறு மாசம் தாரேன். திருவிழாவுக்கு முந்துன ஞாயித்துக்கிழம நற்கருணைப் பாட்டு ஒண்ணு மட்டும் வாசி. நல்லா வந்தா பாப்போம்."

"பாப்போம்" என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் ஒரு தடித்த நோட்டு உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் எந்தக் கட்டைகளை அழுத்த வேண்டும் என்று கையால் எழுதியது. யார் வாசிக்கிறாரோ அவர் வீட்டில்தான் அந்த நோட்டு இருக்கும். துபாய்க்குப் போனவர் அதை அண்ணாச்சியிடம் ஒப்படைத்திருந்தார். அண்ணாச்சி அதை மஞ்சள் பையில் வைத்து ஞாயிறுதோறும் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு அந்த நோட்டு வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

நான் ஏற்றுமதி கன்டெய்னர்களுக்குக் காகித வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். அங்கே கழித்துக்கட்டிய லேப்டாப் ஒன்று என்னிடம் இருந்தது. பியானோ கற்றுத்தரும் மென்பொருள் ஒன்றை அதில் ஏற்றினேன். பியானோ வேண்டியதில்லை, லேப்டாப் கீபோர்டே போதும் என்று போட்டிருந்தது. நடு வரிசை எழுத்துகள் வெள்ளைக் கட்டைகள், மேல் வரிசையில் சில எழுத்துகள் கறுப்புக் கட்டைகள். திரையின் மேலிருந்து நீலப் பட்டைகள் விழும். அடிக்கோட்டைத் தொடும் நேரத்தில் சரியான எழுத்தை அழுத்த வேண்டும். அழுத்தினால் பச்சை, தவறினால் சிவப்பு. எவ்வளவு மோசமாக வாசித்தாலும் கடைசியில் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் பாராட்டும். இரண்டாம் நாளே அவள் வாயை அடைத்துவிட்டேன். பொய்ப் பாராட்டு எனக்கு ஒத்துக்கொள்ளாது.

ஒரு விஷயத்தில் நான் மற்ற மாணவர்களுக்கு முன்னால் இருந்தேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். எழுத்துகளைக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. நற்கருணைப் பாட்டின் முதல் வரி எனக்கு F, G, H, U என்றுதான் மனப்பாடம் ஆனது. அந்த U ஒரு கறுப்புக் கட்டை. பாட்டு படியேறி அங்கேதான் நிற்கும், கோயில் முழுவதும் குரல் உயர்த்தும் இடமும் அதுதான். அலுவலகத்தில் கன்டெய்னர் எண்ணில் U வரும்போதெல்லாம் என் வாய் அந்த வரியை முணுமுணுக்கும். பக்கத்து மேசைக்காரி, "என்னக்கா, பில்லு போடும்போது பாட்டா?" என்பாள்.

லேப்டாப் எழுத்துகள் குறுகல், உண்மைக் கட்டைகள் அகலம் என்பதும் தெரியும். கோயில் கீபோர்டைப் பூட்டி வைத்திருந்த அண்ணாச்சி பெட்டியைத் திறந்து அளவெடுக்க மட்டும் விட்டார். ஸ்விட்ச் போட விடவில்லை. "வாசிக்கது பொறவு" என்றார். தையல் டேப்பால் அளந்துவந்து, அதே அகலத்தில் காகிதத்தில் கட்டைகள் வரைந்து சாப்பாட்டு மேசையில் ஒட்டினேன். காலையில் காகிதத்தில் ஊமையாக வாசிப்பேன், சாயங்காலம் லேப்டாப்பில் சத்தமாக வாசிப்பேன். காகிதத்தின் மேல் குழம்பு சிந்தியதற்காகப் பிள்ளைகள் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை.

அந்த ஞாயிறுக்குப் பத்து நாள் இருக்கும்போது U போனது. மறுநாள் H போனது. அதற்கடுத்த நாள் நடு வரிசை மொத்தமும் படுத்துவிட்டது. சர்வீஸ் கடையில் கொடுத்தேன். கடைக்காரத் தம்பி திருப்பிப் பார்த்துவிட்டு, "உப்பு அரிச்சிட்டுக்கா. பார்ட்ஸ் வர ரெண்டு வாரம் ஆவும். பேசாம புதுசு வாங்கிருங்க" என்றான். நான் லேப்டாப்பை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வேலை நடக்கும், இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கே மாடல் எண்ணைப் பார்த்து இணையத்தில் கீபோர்டு மட்டும் ஆர்டர் போட்டேன். மாற்றுவது எப்படி என்று நான்கு வீடியோ பார்த்தேன். நான்கிலும் ஆண்கள்தான் மாற்றினார்கள். அப்படியொன்றும் பெரிய வித்தையாகத் தெரியவில்லை.

கீபோர்டு புதன்கிழமை வந்தது. வியாழன் அரைநாள் லீவு போட்டேன். அடிப்பக்கத் திருகுகள் துருவேறி இருந்தன. ஒன்றில் திருப்புளி வழுக்கியது. திருகின் தலைமேல் ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருப்பினேன், கழன்றது. கழற்றிய திருகுகளை இட்லித் தட்டின் குழிகளில் போட்டேன், எந்த இடத்துத் திருகு எந்தக் குழியில் என்று குழப்பம் வராது. காலாவதியான ஏ.டி.எம். கார்டால் நெம்பிப் பழைய கீபோர்டைத் தூக்கினேன். அடியில் காகிதம் மாதிரி ஒரு பட்டை வயர், அதைப் பிடித்திருக்கும் சின்னக் கறுப்புக் கொக்கி. கொக்கியைத் தூக்கி வயரை உருவினேன். எல்லாம் வீடியோவில் பார்த்தபடியே நடந்தது.

புது வயரைச் செருகப் போகும்போதுதான் பழைய வயரின் நுனியைப் பார்த்தேன். பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. என் கை தானாகக் குசினிக்குப் போனது. புது வயரின் நுனியிலும், அது போய்ச் செருகும் இடத்திலும் கிரீஸை நன்றாகத் தடவினேன். வீடியோக்காரர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு பெருமை வேறு. மூடினேன், ஸ்விட்ச் போட்டேன். ஒரு எழுத்துகூட விழவில்லை.

திரும்பக் கழற்றி மாட்டினேன். அப்போதும் விழவில்லை. எனக்கு நிஜமாகவே பயம் வந்தது அந்த நிமிடத்தில்தான். கையில் இரண்டே நாள். ஞாயிற்றுக்கிழமை சொதப்பினால் இன்னொரு ஆறு மாதம் யாரும் தரமாட்டார்கள். "அவளுக்கு வேண்டாத வேலை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கணவரை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். நல்லவேளை, கப்பல் துறைமுகத்தில் நின்றது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "ஏளா, கிரீஸ் வச்சியா?"

"இல்ல" என்றேன்.

"உண்மையச் சொல்லு."

"கொஞ்சூண்டு."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பியிருப்பார்கள். "கிரீஸ் தண்ணிய மட்டுமா தடுக்கும்? கரண்டையும் தடுக்கும்ளா. ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி நல்லாத் துடச்சிட்டு மாட்டு."

மருந்துக்கடையில் இரண்டும் வாங்கிவந்து துடைத்தேன். காயவிட்டேன். மாட்டினேன். U விழுந்தது. இருபது தடவை அதை மட்டுமே அழுத்தினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். அன்று சாயங்காலமும் மறுநாளும் விடாமல் வாசித்தேன், நீலப் பட்டைகள் எல்லாமே பச்சையாக மாறின.

சனிக்கிழமை பயிற்சிக்குப் போனேன். அண்ணாச்சி அன்றுதான் கோயில் கீபோர்டுக்கு ஸ்விட்ச் போட்டார். உட்கார்ந்தேன். F, G, H என்று ஏறினேன். நான்காவது கட்டையை அழுத்தினால் சத்தமில்லை. பக்கத்திலும் இரண்டு கட்டைகள் ஊமை.

"அது ரெண்டு வருசமா அப்படித்தான்" என்றார் அண்ணாச்சி. "கடக்காத்துல்லா. முன்ன வாசிச்சவன் பட்டன அமுக்கி சுருதிய மாத்தி, அந்தக் கட்ட வராமப் பாத்துக்கிடுவான். ஒனக்கு அது வராது. சரி, நாளைக்கு நாம சும்மாவே பாடிருவோம்."

முப்பது பேர் முன்னால் அப்படிச் சொன்னார். "அரமணி நேரம் தாங்க" என்றேன். கைப்பையில் வியாழக்கிழமைத் திருப்புளியும் மிச்ச ஸ்பிரிட்டும் பஞ்சும் அப்படியே கிடந்தன.

கீபோர்டைக் கவிழ்த்தேன். திருகுகள் போட இட்லித் தட்டு இல்லை, காணிக்கைத் தட்டை எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சி "ஏளா, ஏளா" என்று பதறினார். நான் நிறுத்தவில்லை. மற்றவர்கள் பலிபீடத்துப் பக்கம் போய்ப் பாடிக்கொண்டிருந்தார்கள். திறந்து, கட்டைகளுக்கு அடியில் இருந்த ரப்பர் பட்டையைத் தூக்கினேன். உப்பும் இல்லை, துருவும் இல்லை. அந்த மூன்று கட்டைகளுக்கு அடியில் மட்டும் பழுப்பாக, கெட்டியாகக் கிரீஸ் இருந்தது.

நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"ஒரு கட்ட கீச்சு கீச்சுன்னு கத்திச்சு" என்றார் மெதுவாக. "நாந்தான் தெறந்து ஒரு தொட்டு வச்சேன். படகு இன்ஜினுக்கு வைக்க மாதிரி."

முப்பது பேரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். ஆசை இல்லாமலும் இல்லை. ஆனால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. "நானும் வச்சேன், அண்ணாச்சி. முந்தாநாளு, லேப்டாப்புல" என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பஞ்சை அவரே நனைத்துக் கொடுத்தார். "இத ஆர்ட்டயும் சொல்லிராத, என்ன?" என்றார். நான் சொல்லவில்லை. எழுதத்தான் செய்கிறேன், அதுவும் பெயர் போடாமல்.

மறுநாள் நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் நின்றபோது வாசித்தேன். இடது கை ஓரிடத்தில் தடுக்கியது. நான்காவது கட்டை கணீரென்று பேசியது, கோயில் முழுவதும் அதன் மேல் ஏறிப் பாடியது. எனக்குப் பெருமையாக இருந்தது. கோயிலில் பெருமைப்படக் கூடாது என்பார்கள். நான் பட்டேன்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்தபின் அண்ணாச்சி மஞ்சள் பையோடு வந்தார். நோட்டை எடுத்துக் கீபோர்டின் மேல் வைத்தார். "வீட்டுக்குக் கொண்டு போ" என்றார். "கிரீஸ் கையால தொட்டுராத."

வீட்டில் காகிதக் கட்டைகள் ஒட்டிய மேசையில் வைத்து அதைத் திறந்தேன். முதல் பக்கத்தில், இதுவரை வாசித்தவர்கள் தங்கள் பெயரைக் கீழே கீழே எழுதியிருந்தார்கள். நான்கு பெயர்கள், நான்கும் ஆண்கள். முதல் பெயர், எனக்குப் பாட்டு போதும் என்று சிரித்தவருடையது. ஐந்தாவதாக என் பெயரை எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவியிருந்தேன்.