இசோ வீட்டு ஒட்டுப்பட்டு

தோமியேயை அந்த ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இசோ வீட்டு மருமகள், அவ்வளவுதான். புருஷன் குளிர்காலத்தில் டோக்கியோ பக்கம் சுரங்கப்பாதை தோண்டும் வேலைக்குப் போய், மண் சரிந்து அங்கேயே போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகும் மாமியார் இசோவின் வயலில் நாற்று நட்டாள், மாமியாருக்கு முதுகு தேய்த்துவிட்டாள், வாயே திறக்கவில்லை. இந்த வருஷம்தான் திறந்தாள். செண்டாயில் அண்ணன் ஓர் உணவகத்தில் வேலை பார்த்து வைத்திருக்கிறான், போகட்டுமா?

"போயேன், நான் என்ன கட்டியா வச்சிருக்கேன்?" என்றாள் இசோ. "செத்தவங்க அவங்கவங்க வீட்டுக்குத் திரும்பி வர்ற திருவிழா வருது. அதுல மட்டும் ஆடிட்டுப் போ."

ஆடும் பெண்களின் முகம் தெரியாது; கோரைத் தொப்பி மூக்கு வரை இறங்கியிருக்கும். வீட்டுக்கு ஒன்றாக இருக்கும் ஒட்டுப்பட்டு அங்கியை வைத்துத்தான் எந்த வீடு என்பார்கள். அந்த வீட்டுக்கு வந்த மருமகள் ஒவ்வொருத்தியும் அதில் ஒட்டித் தைக்கத் தன் பட்டில் ஒரு துண்டைத் தானே கொடுப்பாள். அது அங்கியில் ஏறிவிட்டால் சாகும்வரை அவள் அந்த வீட்டுக்காரி. தோமியே கொடுத்ததில்லை.

திருவிழா அன்று சாயங்காலம் அங்கியை விரித்தாள். தோளில் நாவல்பழ நிறத்தில் புதுத் துண்டு. அவள் அம்மா விட்டுப்போன ஒரே பட்டு.

"அத்தை! என் பெட்டியத் திறந்தீங்களா?"

"ஆமா. கண்ணு தெரியாம விரலெல்லாம் குத்திக்கிட்டேன், பாரு."

"நான்தான் போறேன்னு சொன்னேனே!"

"போ. ஒத்தையில உக்காந்து நான் எப்படிச் சாப்பிடறது?"

கிழவி கல்நெஞ்சுக்காரி இல்லை, பயந்தவள். அதனால் அவளோடு சண்டை போடவும் முடியவில்லை. தோமியே துண்டின் தையலைப் பிரிக்கப் பார்த்தாள். ஆனால் தெருவில் மேளம் தொடங்கிவிட்டது. புருஷன் வந்து பார்க்கும்போது தன் இடம் காலியாக இருக்க மனம் வரவில்லை. ஆடிவிட்டு, கூட்டிப்போக வந்திருக்கும் அண்ணனோடு கிளம்பிவிடலாம் என்று உடுத்திக்கொண்டாள். அவள் செய்த தப்பு அதுதான்.

"அடேயப்பா, இசோ வீட்டு மருமக துண்டு குடுத்துட்டாளே!" என்று தெருவோரம் குரல்கள். தெரிந்த பெண்கள் குனிந்து வணங்கினார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அண்ணன் வந்தான். கண் கலங்கியிருந்தது.

"அம்மா பட்டு! இங்கயே இருக்கப் போறேன்னு நேராச் சொல்லியிருக்கலாமே, தங்கச்சி. நான் வேற உனக்கு ரூம் பாத்து வச்சிட்டேன்."

ஆட்டத்தில் நிற்கக்கூடாது, பேசக்கூடாது. தோமியே நின்றாள். தொப்பியைத் தூக்கினாள்.

"நான் குடுக்கல, அண்ணா. என்னைக் கூட்டிட்டுப் போ."

அண்ணன் தெருவோரம் நின்ற இசோவைத் திரும்பிப் பார்த்தான்.

"துண்டு ஏறின முதல் வருஷம் எல்லாப் பொண்ணுங்களும் இதைத்தான் சொல்லும், தம்பி," என்றாள் இசோ. "நானும் இதே தெருவுல நின்னு சொன்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நிம்மதியாக அண்ணனும் சிரித்து, இசோவுக்குக் குனிந்து வணங்கினான். பின்னால் ஆடிவந்தவள் தோமியேயின் தொப்பியை இறக்கிவிட்டு முதுகில் மெல்லத் தள்ளினாள்.