ஓய்வுநாள் கலியமூர்த்தி

பேராசிரியர் கலியமூர்த்தி இறந்த செய்தி ஒரு சனிக்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் வந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவர் நடத்திவந்த ‘அமைதி வட்டம்’ குழுவில், “ஐயா இன்று அதிகாலை பூரண அமைதி அடைந்தார்” என்று யாரோ போட்டிருந்தார்கள். அந்தக் குழுவில் ஐயா வாரம் தவறாமல் அமைதி அடைந்துகொண்டிருந்தவர். ஆகவே பலர் வாழ்த்துச் சொன்னார்கள். ஒருவர், “நாங்களும் விரைவில் அடைய ஆசீர்வதியுங்கள்” என்று எழுதினார். மாலை போட்ட படம் வந்த பிறகுதான் வாழ்த்துகள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டன.

வட்டத்தின் அஞ்சலி மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். சிதம்பரத்தில் ஒரே கல்லூரியில், ஒரே அறையில் அவரோடு உட்கார்ந்து வரலாறு நடத்தியவன் என்பது என் தகுதி. படிக்கப்போகிறவர்கள் அவரை அறிந்தவர்கள் என்பதால் பொய் சொல்லிப் பயனில்லை. எனக்கு அவரைப் பிடிக்காது.

கொச்சிக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஏலக்காய் வாங்கி வருவார்கள். கலியமூர்த்தி அங்கிருந்த பழைய யூத ஆலயத்தைப் பார்த்துவிட்டு ஞானம் வாங்கி வந்தார். யூத ஞானிகளின் போதனைகளைத் தருவித்துப் படித்தார். “மதம் மாறல சார், மனசு மாறியிருக்கேன்” என்றார். அந்தப் போதனைகளை நானும் படித்திருக்கிறேன். விரட்டப்பட்டும் எரிக்கப்பட்டும் வாழ்ந்த மக்கள், நெஞ்சு உடையாமல் இருக்கக் கண்டுபிடித்த வழிகள் அவை. அவற்றின்மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. என் புகாரெல்லாம், சிதம்பரத்தில் அவை வந்து இறங்கிய வீட்டைப் பற்றியது.

முதலில் ஓய்வுநாளைப் பிடித்துக்கொண்டார். வெள்ளி மாலை சூரியன் மறைந்ததிலிருந்து சனி மாலை நட்சத்திரம் தெரியும்வரை அவர் வேலை எதுவும் செய்ய மாட்டார். அடுப்பும் விளக்கும் கைப்பேசியும் அவர் கை படாமல் இருக்கும். அந்த நாளுக்கு ‘ஷபாத்’ என்று பெயர் என்று தெருவுக்கே சொன்னார். தெரு அதைச் ‘சபதம்’ என்று வாங்கிக்கொண்டது. “சாருக்கு ஏழரைச் சனி. அதான் சனிக்கிழம எதையும் தொடறதில்லன்னு சபதம் போட்டிருக்காரு” என்று எதிர்வீட்டம்மா எனக்கு விளக்கினார். திருநள்ளாறு போய் எள் தீபம் போட்டால் சீக்கிரம் விடும் என்றும் சொல்லியனுப்பினார்.

ஒரு சனிக்கிழமை நான் அங்கே இருந்தபோது மாடித் தொட்டி நிரம்பிச் சுவர் வழியாகத் தண்ணீர் கொட்டியது. மோட்டார் சுவிட்ச் அவர் தலைக்கு மேலே இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, “வசந்தா” என்றார். அவர் மனைவி வசந்தா கொல்லையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்து நிறுத்தினார். மனைவி மக்கள், வேலைக்காரர்கள், மாடு வரைக்கும் அன்று ஓய்வு தர வேண்டும் என்பதல்லவா அந்தச் சட்டம் என்று கேட்டேன். “அவ மனசளவுல ஓய்வாத்தான் இருக்கா” என்றார். வீட்டில் மாடு இல்லாததால் அதன் மனநிலையை விசாரிக்க முடியவில்லை.

வசந்தா ஒரே ஒருமுறை வாய்விட்டுக் கேட்டார். இரண்டு முழங்காலிலும் வீக்கம். “எனக்கும் ஒரு நாள் குடுங்களேன். சனிக்கிழமயே வேணும்னு கேக்கல. ஏதாவது ஒரு கிழம.”

“ஓய்வுங்கறது கேட்டு வாங்கறது இல்ல. உள்ளேர்ந்து வரணும்.”

“நானும் உள்ளேர்ந்துதான் வரேன்” என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த காப்பியை எங்கள் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அந்த நாள் அவருக்குக் கிடைக்கவில்லை.

காடாம்புலியூரில் வசந்தாவின் தம்பி தனசேகருக்கு முந்திரித் தோப்பு உண்டு. ஒரு புயலில் அது மொத்தமாகச் சாய்ந்தது. பார்க்கப் போன கலியமூர்த்தி என்னையும் கூட்டிப்போனார். வேரோடு கிடந்த மரங்களின் நடுவில் நின்று, “இதுவும் நன்மைக்கே, தனசேகரு” என்றார்.

“சரிங்க மாமா. அடுத்த புயல உங்க வூட்டுப் பக்கம் திருப்பி உடச் சொல்றேன்” என்றார் தனசேகர்.

அந்த வாசகமும் யூத ஞானிகளுடையதுதான். தனக்கு வந்த துன்பத்தைப் பார்த்து ஒருவன் சொல்லிக்கொள்ள வேண்டியது அது. கலியமூர்த்தி அதை ஊராருக்கு மட்டும் வழங்கினார். அவருக்குக் கடைவாய்ப்பல் வலித்த வாரத்தில் அந்த வாசகம் எங்கள் அறையில் கேட்கவில்லை. வேறு வாசகங்கள் வராந்தா முழுக்கக் கேட்டன.

செய்தி வந்த அன்று நான் போனபோது வீடு நிறைந்திருந்தது. பிள்ளைகள் இல்லாததால் கொள்ளி வைக்க வேண்டியவர், காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன். அவர் அவசரத்தில் இருந்தார். கோழிக்கு ஆள் அனுப்பியிருந்தார். செம்பு எங்கே, அரிசி எங்கே, பீரோ சாவி எங்கே, வந்தவர்களுக்குக் காப்பி எங்கே என்று நாலு பக்கமிருந்தும் வசந்தாவைக் கூப்பிட்டார்கள். புருஷன் செத்த வீட்டில் அவருக்கு அழ நேரம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

“சித்தி, சனிப் பொணம் தனியா போவாது. பாடையில கோழியக் கட்டி, பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம். நீங்க போயி மஞ்சத் தண்ணி கலக்குங்க” என்றார் அண்ணன் மகன்.

வசந்தா கலக்கப் போகவில்லை. கூடத்தில் கிடந்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அவரு சனிக்கிழம எங்கியும் போவ மாட்டாரு. நாளைக்கி எடுங்க.”

“ஊர்ல என்ன சொல்லுவாங்க சித்தி?”

“இந்த வூட்டுல இன்னிக்கி யாரும் வேல செய்யக் கூடாது. அவரு போட்ட சட்டம். இன்னிக்கி அது எனக்கும்தான்.”

வெள்ளையுடுத்தி வந்திருந்த வட்டத்து அன்பர்களாகிய நீங்கள், ஐயாவின் கொள்கையை அம்மா காப்பாற்றுகிறார் என்று உருகினீர்கள். உங்கள் ஆதரவால் அண்ணன் மகன் அடங்கினார். குளிர்பெட்டி வந்தது. கோழி தப்பியது. பிறகு நீங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அவருக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கினீர்கள். துக்கப்பட்டவர் வாய் திறக்கும்வரை வந்தவர்கள் பேசக் கூடாது என்பதும் உங்கள் ஐயா படித்த மரபில் உண்டு என்று நான்தான் சொன்னேன். நீங்கள் உடனே வாயை மூடினீர்கள். வட்டத்தின் ஒழுங்கை நான் மெச்சிய ஒரே தருணம் அது.

கூடம் அமைதியானது. அந்த அமைதியில், பட்டப்பகலில், வசந்தா தூங்கிப்போனார். வீங்கிய கால்களைத் தனசேகர் மெல்லத் தூக்கி ஒரு முக்காலியின்மேல் வைத்தார். யாரும் அசையவில்லை. பின்கட்டிலிருந்து யாரோ, “வசந்தா” என்று கூப்பிட்டார்கள். தனசேகர் எழுந்து வாசற்படி வரை போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அக்கா தூங்குது. என்ன வேணுமோ நீங்களே எடுத்துக்குங்க.”

கலியமூர்த்தியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தப் பிற்பகலை மட்டும்தான். அதைத் தந்ததற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். உயிரோடு இருந்திருந்தால் தந்திருக்க மாட்டார்.