பிரஷர் பார்க்கப் போகும் நாளில்...

போன செவ்வாய்க்கிழமை, தட்டாஞ்சாவடியில் இருக்கும் என் பட்டறையில் லேத் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெஷின் ஓடவில்லை... என் தலைதான் சுற்றியது.

அன்று அரை நாள் வேலை நின்றது. பயந்துவிட்டேன். காரணம், முந்தின நாள் மச்சான் பேசிய பேச்சு.

மச்சான் என் மனைவியின் அண்ணன். முப்பது வருஷமாக பிரான்சில் இருக்கிறார். வருஷா வருஷம் வந்து, நம் நாடு ஏன் முன்னேறவில்லை என்று சாப்பாட்டுக்கு நடுவில் விளக்குவார்.

"அங்கெல்லாம் எப்படின்னா மச்சான்... படிச்சவன் ஒடம்பப் பாத்துக்கறான். ஒடம்பு நல்லா இருக்கறவன் லீவு போடாம வேலை செய்றான். நாடு வளருது. அந்தக் காசுல ஸ்கூலும் ஆஸ்பத்திரியும் கட்றான். வுவாலா!" என்று பிரெஞ்சில் 'அவ்வளவுதான்' சொல்லி முடித்தார்.

நான் எட்டாவதோடு நின்றவன். அப்படியென்றால் என் ஆயுசு? நாட்டின் வளர்ச்சி? மீன் குழம்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

இப்போது தலை வேறு சுற்றுகிறதா... மனைவி நேராக டாக்டரிடம் இழுத்துப் போய்விட்டாள்.

ஆறு மாதமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். எப்போது போனாலும் பிரஷர் ஏறியே காட்டும். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். இந்தத் தடவை தலைகீழ் — பிரஷர் பாதாளத்தில்!

"காலையில மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன் சார். இன்னிக்கு இங்க வருவேன்னு தெரியாதே."

"தெரிஞ்சிருந்தா?"

"போட்டிருக்க மாட்டேன். மாத்திரை போட்டுட்டு வந்தா உண்மையான பிரஷர் எப்படி சார் தெரியும்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மாத்திரை வேலை செய்யுதான்னு பாக்கத்தானே வரச் சொல்றேன்! நீங்க போடாம வர்றீங்க, நான் கூட்டிக்கிட்டே போறேன். தலை சுத்தாம என்ன செய்யும்?"

"மெஷின்ல ஒரு நூல் அளவு கூடத் தப்பாதுன்னு பீத்திப்பீங்களே," என்றாள் மனைவி. "ஒடம்புக்கு மட்டும் ஏன் இப்படி?"

டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை — மச்சானிடம் எப்படிச் சொல்வது? படிக்காததன் பலன் என்று இன்னொரு சாப்பாட்டையும் கெடுப்பாரே!

சொன்னேன்.  மச்சான் உள்ளே தன் தங்கை இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தார்.

"மச்சான்... நானும் அங்க டாக்டர்கிட்ட மாத்திரை போடாமத்தான் போறேன்."

"எத்தினி வருஷமா?"

"பன்னண்டு."

வளர்ந்த நாடுதான்... அதற்காக, ஒரு மச்சானை அது எவ்வளவுதான் வளர்க்கும், பாவம்!