என் பெயரில் பதிவான ஈரம்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு வரும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வருவான். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவியின் சீதன வீட்டில்தான் இருக்கிறேன். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் அவளைக் கேட்க வேண்டும். சுனாமி வந்து போன பிறகுதான் அந்த வீட்டில் எனக்கென்றும் ஒரு சொத்து உண்டானது. அது ஈரம்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற வீடு. தண்ணீர் நெஞ்சளவு நின்று வடிந்தது. நாங்கள் தப்பினோம், வீடும் நின்றது, அறைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு மிஞ்சியது. நட்டஈட்டுக்குப் பதிய வந்தவர்கள் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு, 'பகுதிச் சேதம்' என்று என் பெயரை எழுதிக்கொண்டார்கள். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை எதையும் திருத்தக் கூடாது என்று ஊரில் பேச்சு.

வீடு கட்டித் தந்த மேசன் வந்து சுவரைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு உள்ளுக்கு இறங்கிட்டு. கோட்டுக்கு மேல ஒரு முழம் வரைக்கும் பூச்சைக் கொத்தி எடுங்க. நல்ல தண்ணியால நாலஞ்சு தரம் கழுவி, காயவிட்டு, சுண்ணாம்பு பூசுங்க. சீமெந்து பூசினா ஈரம் உள்ளுக்கயே கிடக்கும்."

"கொத்துவமா?" என்றாள் மனைவி.

"அவங்க வந்து பாக்கட்டும்," என்றேன்.

வந்தார்கள். அளந்தார்கள், படம் எடுத்தார்கள், அறிவிப்போம் என்றார்கள். பிறகு வேறு ஆட்கள் வந்து அதையே செய்தார்கள். மாரியில் சுவர் வியர்த்து, உப்புப் பூத்து, பூச்சு செதில் செதிலாக விழுந்தபோது எனக்கு உள்ளூர நிம்மதி. கோடையில்தான் கவலை. ஆவணி வெயிலில் ஒரு குழு வருவதாகச் செய்தி வந்த நேரம், சுவர் என் மானத்தை வாங்குகிற மாதிரிக் காய்ந்து கிடந்தது. பழைய சீலைத் துண்டு ஒன்றை நனைத்துச் சுவரில் ஒற்றினேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். படம் நன்றாக வந்திருக்கிறது என்று குழுவினர் பாராட்டினார்கள்.

இப்படியே இரண்டு வருடம் போனது. அப்போது வாவிக்கு அந்தப் பக்கம் சண்டையில் ஷெல் விழத் தொடங்கி, வவுணதீவிலிருந்து மனைவியின் தங்கையும் புருஷனும் ஐம்பது நாள் பிள்ளையோடு வந்து சேர்ந்தார்கள். பிள்ளைக்காரிக்குக் கொடுக்க மறைப்பான அறை அந்த ஈர அறை ஒன்றுதான் இருந்தது. ஒரு கிழமைக்குள் பிள்ளைக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில், "பிள்ள படுக்கிற இடம் ஈரமா?" என்று டாக்டர் கேட்டார். தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். அன்றைக்கு வந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

மறுநாள் மனைவி யாரையும் கேட்கவில்லை. பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கட்டிலை வெளியே இழுத்துப் போட்டு, சுத்தியலால் பூச்சைக் கொத்தினாள். நான் கிணற்றில் தண்ணீர் அள்ளி அள்ளிக் கொடுத்தேன். இரண்டு வருடம் நான் காவல் காத்த கோடு கூடை கூடையாக வெளியே போனது. சுண்ணாம்பு காயும்வரை எல்லோரும் விறாந்தையில் படுத்தோம்.

சித்திரை முடியும் முன் கடைசிக் குழு வந்தது. கையில் பழைய படம் இருந்தது, நான் நனைத்த சுவர்.

"ஈரம் எங்க ஐயா?" என்று கேட்டார்கள்.

அறைக்குள்ளிருந்து மனைவி சொன்னாள்: "வீடு என்ட. ஈரம் அவருட. அவரைக் கேளுங்க."

"காய்ஞ்சிட்டு," என்றேன். அவர்கள் என் பெயரை வெட்டிவிட்டுப் போனார்கள்.

அறைக்குள் போனேன். பிள்ளை சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தது. குனிந்து அதன் நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். இழுப்பு இல்லை. இன்னொரு தரமும் கேட்டேன்.

"நீங்களும் பாத்திட்டுப் போய்ப் பிறகுதான் அறிவிப்பீங்களோ?" என்றாள் மனைவி.