சொர்ணம் சொல்லி எடுத்த பிளான்

சொர்ணத்துக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் பேச்சைத் தொடங்கலாம். முடிப்பது அவள் வேலை. புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்கு மீன் வாங்க வரும் அணுமின் நிலைய டவுன்ஷிப்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். "அந்த வஞ்சிரம்..." என்று ஒருவர் வாயெடுப்பதற்குள் எத்தனை துண்டு, குழம்புக்கா வறுவலுக்கா, போன வாரம் கொண்டுபோன சங்கராவில் வீட்டம்மா உப்பை அள்ளிக் கொட்டிவிட்டாரா என்பதுவரை அவளே கேட்டு, அவளே பதிலும் சொல்லிவிடுவாள். அவள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தொல்லையே அதுதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அந்த மார்க்கெட்டில் அவளைத்தான் காட்டுவார்கள்.

அவளோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்த தாண்டவராயன், எந்தப் பேச்சையும் பாதியில் நிறுத்திக்கொள்ளப் பழகியிருந்தான். மீனவக் குடும்பத்தில் பிறந்தும் கடலுக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்து போட் இன்ஜின்களுக்கு வைத்தியம் பார்ப்பவன். "என் வூட்டுக்காரு கால்ல தண்ணி பட்டா கரைஞ்சிடுவாரு, அவ்ளோ சோம்பேறி" என்பது சொர்ணம் மார்க்கெட்டில் அடிக்கடி எடுத்துவிடும் வேடிக்கை. கூடைக்காரப் பெண்கள் எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்தில் இருந்தால் அவனும் சிரித்துவைப்பான்.

போன வருஷம் அரபு நாட்டில், அஜ்மானில் ஒரு படகுப் பட்டறைக்கு இன்ஜின் மெக்கானிக் வேண்டும் என்று ஆள் தேடினார்கள். அங்கே ஏற்கெனவே வேலையில் இருந்த கடப்பாக்கத்து சுதாகர் இவன் பெயரைச் சொல்லிவிட்டான். இரண்டு வருஷம் போய்வந்தால் மகள் பிரியங்காவின் படிப்பை முடித்துவிடலாம், வீட்டுக்கு மேலே ஓர் அறையும் கட்டலாம். ஏர்போர்ட் வாசலில் தாண்டவராயன் ஏதோ சொல்ல வந்தான். பத்திரமாய்ப் போய்வருகிறேன் என்பதுதானே, போய் வா என்று சொர்ணமே முடித்து அனுப்பிவைத்தாள்.

அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அவன் சிம் வாங்கக் கடைக்குப் போனான். கடைக்காரர் இரண்டு பிளான் காட்டினார். இரண்டும் ஒரே விலை. ஒன்றில் இந்தியாவுக்குப் பேச நிறைய நிமிஷம், நெட் பேருக்குக் கொஞ்சம். மற்றதில் நெட் அள்ள அள்ளக் குறையாது. இந்தியாவுக்குப் பேச ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. சுதாகரின் போனை வாங்கி வீட்டுக்கு அடித்து இரண்டையும் விளக்கினான்.

"ஆனா இங்க வாட்ஸப்புல..."

"நெட்டே எடு. வாட்ஸப்புல எவ்ளோ வேணா பேசிக்கலாம், எனக்குத் தெரியாதா?"

"இல்ல சொர்ணம், இங்க இன்னான்னா..."

"எடுய்யான்னா. ஊரே அப்டித்தான் பேசிக்கினு கீது."

எடுத்துவிட்டான். அந்த நாட்டில் வாட்ஸப்பில் எழுதலாம், படம் போடலாம், குரலைப் பதிந்தும் அனுப்பலாம், கால் மட்டும் போகாது. அவன் சொல்லவந்த மீதி இதுதான். மறுநாள் அது ஒரு குரல்பதிவாக வந்து சேர்ந்தது. ஒரு மாதத்துக்குப் பிளானை மாற்றவும் முடியாதாம்.

இரண்டு நாள் சொர்ணம் அந்த நாட்டைத் திட்டினாள், கடைக்காரரைத் திட்டினாள், சுதாகரைத் திட்டினாள். தன்னை மட்டும் விட்டுவிட்டாள். பிறகு பிரியங்காவிடம் கேட்டு, பட்டனை அழுத்திப் பேசி அனுப்பக் கற்றுக்கொண்டாள். குழாய் ஒழுகுவது, நெத்திலி வரத்து, எதிர்வீட்டுச் சண்டை என்று பத்துப் பதிவு போனால், அவனிடமிருந்து "ம், சரி" என்று மூன்று விநாடி வரும். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று அதற்கும் திட்டினாள்.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம். விற்காமல் போன கிழங்கான் மீனைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஆறு நிமிஷப் பதிவு ஒன்று வந்தது. பேசியது தாண்டவராயன்தான். பட்டறையில் பிரித்துப்போட்ட இன்ஜினைப் பற்றி, துணி மாதிரி அகலமான ரொட்டியைப் பற்றி, அலையே இல்லாமல் ஏரித்தண்ணிபோல நிற்கும் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனான். நடுவில் நாலு தடவை அவள் "தெரியும்யா" என்றாள். போன் நிற்கவில்லை. அதன் பிறகு தினமும் ஒன்று வந்தது. அவன் பேச்சின் முடிவை அவள் முன்கூட்டியே ஊகிப்பாள். பாதி தப்பாகிப் போகும். இத்தனை வருஷமும் அவனுக்கு உயிர் என்று நினைத்து வாரம் தவறாமல் வைத்த கருவாட்டுக் குழம்பு அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காதாம்.

இருபதாம் நாள் வந்ததை அவள் மூன்று தடவை கேட்டாள். பத்தொன்பது வயதில் கடலூரில் மாமனோடு கடலுக்கு மீன்பிடிக்கப் போனபோது போட் கவிழ்ந்திருக்கிறது. கவிழ்ந்த போட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கிடந்திருக்கிறான். மாமன் கைநழுவிப் போனதைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறான்.

"அதுக்கப்புறம் தண்ணியப் பாத்தாலே கை நடுங்கும். வெளிய சொல்லாதன்னு அம்மா சொல்ட்சி. கல்யாணம் ஆனப்பவே உங்கிட்ட சொல்லலாம்னு பாத்தேன். முடியல."

ஏன் முடியவில்லை என்று சொர்ணத்துக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பட்டனை அழுத்தினாள். அவள் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை; காக்கை கத்துவதும் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுவதும்தான் பதிவாகிப் போயின. உடம்பு சரியில்லையா என்று அவன் பதறிப்போய்க் கேட்டிருந்தான். மறுநாள் மார்க்கெட்டில் பக்கத்துக் கூடைக்காரி சாரதாம்பாள், கரைஞ்சுபோற மாப்பிள்ளை அங்கே எப்படி இருக்கிறார் என்று எடுத்துக்கொடுத்தாள். சொர்ணம் பேசாமல் மீனை எடைபோட்டாள். இவளுக்குக் காய்ச்சல்தான் என்று மார்க்கெட்டே முடிவு கட்டியது.

மாதம் முடியப்போகிறது, இந்தத் தடவை எதை எடுக்கட்டும் என்று தாண்டவராயன் கேட்டனுப்பினான். கால் பிளானுக்காக நாளை எண்ணிக்கொண்டிருந்தவள் அவள்தான். நேருக்கு நேர் அவன் குரலைக் கேட்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் தன் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

"நெட்டே எடுய்யா. கால்னா நான்தான் பேசுவேன். நீ பேசறது எனக்கு வேணும்."

சாயங்காலம் பதில் வந்தது. "சொர்ணம், குறுக்க பேச ஆளில்லாம பேசறது பேஜாரா கீது. செவுத்துக்கிட்ட சொல்ற மாதிரி கீது. நான் கால் பிளானே எடுத்துக்கறேன்."

மறுநாள் மத்தியானம், மார்க்கெட் அடங்கும் நேரத்தில் போன் அடித்தது. பட்டறையில் புதிதாய் வந்த இன்ஜினைப் பற்றி ஆரம்பித்தவன், வழக்கம்போல் பாதியில் நிறுத்தினான். சொர்ணம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"லைன்ல கீறியா?"

"கீறேன். கேட்டுக்கினுதான் கீறேன்."

"அப்ப நடுவுல எதுனா சொல்லு."

கூடைகளை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கமாக ஒரு தடவை பார்த்துவிட்டு, சொர்ணம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இங்க எல்லார் எதுர்லயும் உன்ன சோம்பேறின்னு சொல்லி சிரிச்சிக்கினு இருந்தேனே, அது..."

மேலே வரவில்லை. பிளான் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. தாண்டவராயனுக்கு மீதி தெரியும். ஆனாலும் அவன் குறுக்கே பேசவில்லை. அவளே முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.

"தப்புய்யா," என்றாள் சொர்ணம். "இங்க எல்லார் எதுர்லயும் வெச்சே சொல்றேன். தப்பு."