மழையை நிறுத்த நான் குத்திய மிளகாய்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆடி மாதம், மலேசியாவில் கோலசிலாங்கூருக்கு உள்ளே இருக்கும் எங்கள் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் நடந்தது. நான் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுவேன். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த வருடம் இரண்டு மாதமாக மழையே இல்லை. காட்டோரத்தில் மண்ணுக்குள்ளேயே தீப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. காலையில் கதவைத் திறந்தால் எதிர் லயத்து வீட்டு வரிசை தெரியாது. எல்லாரும் மழை வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை மழை வேண்டாம் என்று மாரியாத்தாளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காரணம் என் மகன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். முந்தின வருடம் மோட்டார் சைக்கிளில் போகும்போது விழுந்து வலது கால் நொறுங்கிவிட்டது. காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, கால் பிழைத்தால் அந்தக் காலாலேயே பூக்குழி இறங்குவான் என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் கோயிலில் தீமிதி. மழை பெய்து குழி நனைந்துவிட்டால் வேண்டுதல் இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போகும். அதற்குள் அந்தக் காலுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எனக்கு அந்தப் பயம்தான்.

பக்கத்து வீட்டுக்காரியும் நானும் இருபது வருடம் ஒரே மர நிரையில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கினவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர் ஒன்றுதான். ஐந்து வருடத்துக்கு முன்பு அவள் குடும்பத்தோடு வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகிவிட்டாள். அதற்குப் பிறகு ஒருநாள் கோயில் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கினாள். அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேர யோசனையை மனசில் வைத்துக்கொண்டு நான் பேச்சைக் குறைத்துவிட்டேன். ஏன் யோசித்தாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் அவள் மகள் ரவாங்கிலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டு மாதம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில் ஜெபம். டவுனிலிருந்து ஒரு போதகத் தம்பி கித்தாரோடு வந்திருந்தார். நான் அரிசி களைந்துகொண்டே சுவர் ஓரமாக நின்றேன். கேட்கவேண்டும் என்றுதான் நின்றேன், பொய் சொல்லக் கூடாது.

அவர் ஒரு கதை சொன்னார். ஒரு ராஜா காலத்தில் மூன்றரை வருடம் மழையே இல்லையாம். மலை மேல் வேறு சாமி கும்பிடுகிற பூசாரிகள் பலிபீடத்தைச் சுற்றிச் சுற்றி ஆடியும் அவர்களுக்கு நெருப்பு இறங்கவில்லையாம். கர்த்தருடைய ஆள் கேட்டதும் இறங்கியதாம். அந்தப் பூசாரிகள் அவமானப்பட்டுப் போன பிறகு, கடல் பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு மேகம் எழும்பி, பெருமழை கொட்டியதாம். கதை முடிந்ததும் இந்த வாரமே மழை தரவேண்டும் என்று எல்லாரும் சத்தமாகக் கேட்டார்கள்.

என் கை அரிசியிலேயே நின்றுவிட்டது. நெருப்பு, வேறு சாமி, அவமானம், மழை. அதுவும் எங்கள் தீமிதி வாரத்தில். இது யாரைப் பற்றிய கதை என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் பொழுது விடிந்ததும் ஒரு வேலை செய்தேன். பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்கள் கல்யாண விருந்துக்கு முன்னால் ஈர்க்குச்சியில் காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தி மண்ணில் நட்டுவைப்பார்கள். மழை விலகிப் போகும் என்பது நம்பிக்கை. எங்கள் ஆட்களும் செய்வதுண்டு. அதை மட்டும் செய்திருந்தால் வம்பில்லை. ஒரு கூட்டமே ஜெபம் பண்ணியதை நிறுத்த இது போதுமா என்று எனக்குச் சந்தேகம். அதனால் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி அதன் பக்கத்தில் வைத்தேன். வைத்த இடமும் சரியில்லை. ஜெபம் புறப்படுகிற இடத்திலேயே கட்டிவிடலாம் என்று அவர்கள் சமைக்கிற குசினி ஜன்னலுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

அன்று மத்தியானம் அதை மகள் பார்த்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே அலறல்.

"யம்மா, யாரோ செய்வினை வச்சிட்டாங்கம்மா! எம்புள்ளைக்கு எதுனாச்சும் வந்துரும்மா!"

அந்தப் பெண்ணுக்கு ஏற்கனவே புகையில் இளைப்பு. பயத்தில் இன்னும் அதிகமாகிவிட்டது. அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. "ஒரு வாய் தின்னு தாயி" என்று அவள் அம்மா கெஞ்சுவதும், தட்டைத் தள்ளிவிடுகிற சத்தமும் எனக்கு நன்றாகக் கேட்டது. போய்ச் சொல்லலாம் என்று வாசல் வரை போவேன். கூச்சம் ஒரு பக்கம், வீம்பு ஒரு பக்கம். திரும்பி வந்துவிடுவேன்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது மகனிடம் சொன்னேன். விரதச் சோற்றில் கை வைத்தவன் அப்படியே நிறுத்திவிட்டான்.

"மொளகா சரிம்மா. எலுமிச்சம்பழம் எதுக்கு?"

"கூடக் கொஞ்சம் பலமா இருக்கட்டும்னுதான்டா."

"நல்லா பலமா இருக்கு லா! புள்ளத்தாச்சி ரெண்டு நாளா பட்டினி. நீ போய்ச் சொல்லலன்னா நான் நெருப்புல எறங்க மாட்டேன்."

அப்படிச் சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் மறுபடியும் ஜெபம். தனியாகச் சொல்ல வழியில்லை. எட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருக்க, நான் வாசலில் போய் நின்றேன். பாட்டு நின்றது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"அந்த மொளகா... நாந்தான் வச்சேன். செய்வினை இல்ல. மழ வரக் கூடாதுன்னு வச்சேன்" என்றேன்.

முதலில் சிரித்தது அந்தப் பிள்ளைத்தாய்ச்சிதான். இளைப்போடு சிரித்தாள். "ஐயோ பெரியம்மா! எங்க ஆபீஸ் டின்னருக்குக் கூட மலாய்க்கார அக்கா மொளகா குத்துனாங்க லா. நீங்க ஏன் குங்குமத்தப் போய் வச்சீங்க?"

அவள் அம்மா சிரிக்கவில்லை.

"ரெண்டு நாளா எம்புள்ள சோறு திங்கல. சொவத்துக்கு அந்தாண்ட நின்னு கேட்டுக்கிட்டுதானே இருந்தேக்கா?"

மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது. "நீங்க மட்டும் என்னா? எங்க நெருப்பு அணையட்டும்னுதானே மழ கேட்டீங்க? கதையெல்லாம் நான் கேட்டேன்."

அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "எம்புள்ளைக்கு மூச்சு விட முடியல, பொகை அடங்கணும்னு கேட்டேன். தீமிதின்னு தெரியும். ஒம்மவன் எறங்குறான்னு எனக்கு யாரு சொன்னா? நீ எங்கிட்டப் பேசி எத்தன நாளாச்சு?"

அந்தப் போதகத் தம்பி நடுவில் வந்தார். "அம்மா, அந்தக் கதை உங்க கோயிலப் பத்தி இல்லம்மா."

"அதுல நெருப்பு இருந்துச்சே தம்பி."

அவர் தலையைச் சொறிந்தார். "இருக்கும்மா. இந்த வாரத்துல அதப் போய் எடுத்தது என் தப்புதான்."

பிறகு உட்காரச் சொல்லி, அந்தக் கதை நடந்த தேசத்தைப் பற்றிச் சொன்னார். நம் பக்கத்துச் சுங்கை புரோங் நெல் வயலைப் போல அங்கே வாய்க்கால் கிடையாதாம். மலை நாடு. விதைக்கும்போது ஒரு மழை, கதிர் முற்றும்போது ஒரு மழை. அது தவறினால் சோறு இல்லை. அதனால்தான் வேதத்தில் மழை என்றால் ஆண்டவன் கை என்று வைத்திருக்கிறார்களாம். ஆனால் அந்தக் கை நல்லவன் வயல், கெட்டவன் வயல் என்று பார்க்காமல் இரண்டுக்கும் பெய்யும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறதாம்.

எனக்கு உடனே ஒரு சந்தேகம். "இதுல கெட்டவங்க யாரு தம்பி?" என்றேன்.

அவர் விழித்தார். பக்கத்து வீட்டுக்காரிதான் என்னைக் கையால் காட்டினாள். "இன்னைக்கு இவதான்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் எங்கள் கண் முன்னாலேயே ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கட்டை எரிந்து குழி கங்காகிவிட்டிருந்தது. கோயில் வேலிக்கு வெளியே அவள் நின்று வானத்தைப் பார்ப்பதைக் கண்டேன். என் புத்தி போகுமா? என்ன வேண்டிக்கொள்கிறாளோ என்று மறுபடியும் நினைத்தேன். நாலைந்து துளி விழுந்து கங்கில் சுர்ரென்றது. அதோடு மேகம் கலைந்துவிட்டது. மகன் காலைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து நடந்து கரையேறினான். நான் அழுதுகொண்டே திரும்பினேன். வேலிக்கு வெளியே அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மழை செவ்வாய்க்கிழமை காலையில்தான் பெய்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து புகையெல்லாம் அடங்கியது. மறுமாதம் அந்தப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம்.

நான் கேட்டதால் தள்ளி வந்ததா, அவள் கேட்டதால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. என் சந்தேகக் குணமும் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நாம் மனசுக்குள் வளர்க்கிற சந்தேகம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சோற்றைத் தட்டிவிடும் என்பதை அந்த இரண்டு நாளில் என் காதாலேயே கேட்டவள் நான். அதனால் இப்போதெல்லாம் எத்தனை கூச்சமாக இருந்தாலும் நேரே போய்க் கேட்டுவிடுகிறேன்.