பின்சீட்டில் என் பேச்சு

ஒன்பது வயது வரை எனக்கு வாப்பா என்பவர் போனில் வரும் ஒரு குரல். அந்தக் கோடை விடுமுறையில்தான் உம்மாவும் நானும் விசிட் விசாவில் அமீரகத்தின் வடகோடியான ராஸ் அல் கைமாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாப்பா அங்கே ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். ஏழு பேர் படுக்கும் பேச்சிலர் ரூமில் எங்களை எங்கே வைப்பது? கடையில் பங்குள்ள ஒருவர் குடும்பத்தோடு ஊருக்கு லீவில் கிளம்பும்போது தன் வீட்டுச் சாவியை வாப்பாவிடம் கொடுத்தார். வாடகை வேண்டாம், திரும்பி வரும்வரை அவருடைய டூட்டியையும் வாப்பாவே பார்க்க வேண்டும். நம் ஆட்களுக்குள் சாதாரணமாக நடக்கிற ஏற்பாடுதான். எங்களோடு இருக்கலாம் என்று வாப்பா அந்த வீட்டை ஏற்றுக்கொண்டார். அந்த வீட்டுக்காகவே எங்களோடு இருக்க முடியாமல் போனது.

நான் விழிக்குமுன் போய்விடுவார். தூங்கிய பிறகுதான் வருவார். வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்மா தொழுகைக்காக மதியம் கடையை அடைத்து, சாயங்காலம் திறப்பார்கள். "இதுக்கு போன்லயே பேசிருக்கலாம்" என்று ஒரு வெள்ளிக்கிழமை அழுது தீர்த்தேன். மலைப்பக்கத்து ஆட்டுப்பண்ணைக்குச் சாமான் கொண்டுபோகும்போது என்னையும் கூட்டிப்போவதாக வாப்பா சொன்னார்.

அடுத்த வெள்ளி, ஜும்மா முடிந்து வந்தவருக்கு உம்மா நெய்ச்சோறும் கறியும் ஆக்கி வைத்திருந்தாள். இத்தனை வருஷம் குப்பூஸ் ரொட்டியைத் தின்று காய்ந்த மனிதர் என்ற இரக்கத்தில், போதும் போதும் என்றவருக்கு மூன்றாவது தடவையும் அள்ளி வைத்தாள். விடிவதற்கு முன்னாலிருந்து கால்கடுக்க நின்றுவிட்டு, அந்த வெயிலில் வண்டி ஓட்டப் போகிற ஒருவருக்கு, பாசத்தால் இதைவிடப் பெரிய தீங்கைச் செய்திருக்க முடியாது.

தார் ரோடு முடிந்ததும் சரளைக்கல் பாதை. ஒரு பக்கம் மொட்டை மலை, மறுபக்கம் தண்ணீரில்லாத ஓடையின் பள்ளம். மோட்டார் சைக்கிளின் பின்னால் சாமான் பெட்டி, அதற்கும் வாப்பாவின் முதுகுக்கும் நடுவில் நான். கல்லில் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் பல் கிடுகிடுத்தது.

"பேசிக்கிட்டே வா புள்ள. நிறுத்தாத," என்றார் வாப்பா.

எனக்குச் சொல்லவா வேண்டும்? ஊரில் என்னை வாயாடி என்று அதட்டாதவர் இல்லை. டீச்சரின் ஓட்டைக் குடை, மாமி வீட்டுக் கோழி, பக்கத்து பெஞ்சுக்காரி என் ரப்பரைத் திருடியது என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் வாப்பா, "ம்... அப்புறம்?" என்றார். என் பேச்சை இவ்வளவு ஆசையாகக் கேட்க உலகத்தில் ஓர் ஆள் இருக்கிறார் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பண்ணையில் சாமானை இறக்கிய பெங்காலிக்காரர் நிழலில் கிடந்த கயிற்றுக் கட்டிலைக் காட்டி, கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்து, "தோடா ஆராம் கரோ, பாய்," என்றார். வாப்பா அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். இதுபோல ஒன்று வாங்க நினைக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். மஃரிப் தொழுகைக்குப் பிறகு கடை திறக்க வேண்டும். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, "யல்லா," என்று தனக்குத்தானே சொல்லி வண்டியை எடுத்தார்.

திரும்பும் வழியில், "எத்தனாவது படிக்கிற?" என்று கேட்டார். நாலாவது என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதையே கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்ற மகளின் வகுப்புகூடவா மனதில் நிற்காது? வாயை இறுக மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வண்டி மெதுவாகப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கியது. "வாப்பா!" என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டு ஹேண்டிலை வெட்டித் திருப்ப, சரளையில் சறுக்கி ஓரமாக விழுந்தோம். என் முட்டியில் தோல் வழன்றது. இன்னும் இரண்டு முழம் தள்ளியிருந்தால் ஓடைப் பள்ளம். வாப்பா என்னைத் தூக்கி நிறுத்திக் கைகாலெல்லாம் தடவிப் பார்த்தார்.

"கல்லு சறுக்கிருச்சும்மா. உம்மாட்ட சொல்லிராத." பிறகு குரல் உடைந்து, "ஏம்மா பேச்ச நிறுத்துன?" என்றார்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. நான் பேசாமல் வந்ததற்கே இந்த மனிதர் அழுகிறாரே! வீடு வரும்வரை மூச்சுவிடாமல் பேசினேன்.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். உம்மா டீ கொண்டு வருவதற்குள் அவருக்குக் கண் மூடிவிட்டது. கடை திறக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. உம்மா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? வாப்பாவுக்கு எது பிடிக்கும் என்று அறிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதானே. நெருங்கி உட்கார்ந்து, அவர் காதருகே, விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.

வாப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, அங்கே இல்லாத ஹேண்டிலைப் பிடித்தன.

"ம்... அப்புறம்?" என்றார்.